லயத்தைப் பார்க்கப் போவதா?



விடுமுறை வந்தால் பிள்ளைகள் நுவரெலியா போகக் கேட்பார்கள். போகட்டும், கிரகரி வாவியில் படகேறட்டும், விக்டோரியா பூங்காவில் ஓடட்டும். ஓய்வும் சிரிப்பும் தொழிலாளியின் பிள்ளைக்கும் உரியவையே.

வேறொரு பயணமும் உண்டு. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், 2007இல், பழைய லயக் காம்பராக்களையே தொழிலாளர் நூதனசாலையாக்கினார்கள்.

“லயத்திலேயே கிடக்கிறோம், பஸ்ஸுக்குக் காசு கொடுத்து லயத்தைப் பார்க்கப் போவதா, சுவாமி?” என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் வீட்டில் ஒழுகும் கூரைதான் கண்ணில் படுகிறது. அங்கே நின்று பார்க்கையில், நம் முன்னோரை இக்கூரையின் கீழ் வைத்தவர் யார், எதற்காக என்ற கேள்வி பிறக்கிறது.

கண்டி ஹந்தானையில், 1925இல் எழுந்த தொழிற்சாலையொன்றும் இப்போது தேயிலை நூதனசாலைதான். இயந்திரங்களைக் காணலாம். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு அங்கே மரியாதை உண்டு, அது தகும். அந்த 19 ஏக்கரைக் கொத்தியவர்கள் யார் என்று கேட்கும் பிள்ளைக்குக் காட்ட, கம்பளையில் நம்மவரின் பழைய கருவிகளும் வீட்டுச் சாமான்களும் இருக்கின்றன.

“நூதனசாலையில் பழசைத்தானே வைப்பார்கள்? நாம் இன்னும் இதில் இருக்கிறோமே, அப்பா?” என்று பிள்ளை கேட்கும். மழுப்பாதீர்கள். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பயணம் தகும்.

ஹற்றனிலிருந்து புகையிரதத்தில் வந்து கம்பளையில் இறங்கலாம். சோற்றுப் பொதி கட்டிக்கொள்ளுங்கள். பாட்டியையும் அழைத்துப் போங்கள். எந்தப் பொருள் எதற்கென்று சொல்ல அவரைவிட நல்ல வழிகாட்டி கிடைக்கமாட்டார்.