ஒருவர் படிக்க, வீடே கேட்டது

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை வாரந்தோறும் வந்தது. இதழ் கைக்கு வந்ததும் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத பாட்டிமாரும் சூழ்ந்திருந்து கேட்ட வீடுகள் பல. அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, பைண்டு செய்து, அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தார்கள். கதையில் வரும் வந்தியத்தேவன் உறவுக்காரப் பிள்ளையைப் போலப் பேச்சில் புழங்கினான். நந்தினி செய்தது சரியா என்று திண்ணையில் வாதம் நடந்தது.

தகவலுக்கு இன்று பஞ்சமில்லை. கைப்பேசியில் கொட்டிக் கிடக்கிறது. குறைந்துபோனது இந்தப் பொதுப் பேச்சு. ஒரே கூடத்தில் நான்கு பேர் நான்கு திரைகளைப் பார்க்கிறார்கள். ஒருவர் பார்த்தது மற்றவருக்குத் தெரியாது. நீண்ட வாக்கியத்தோடு பொறுமையாகக் கூடவே போகும் பழக்கமும் தளர்கிறது. எனக்குப் பெரிய கவலை இதுதான். அது தளர்ந்தால், சங்கப் பாடல் இருக்கட்டும், புதுமைப்பித்தனே நம் பிள்ளைகளுக்கு அந்நியமாகிவிடுவார்.

திரையைத் திட்டிப் பயனில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 'பொன்னியின் செல்வன்' அங்கேயும் உண்டு. திரைக்கு வெளியே நூலகமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஊர் நூலகம் நம் பணத்தில் நடப்பது. கோடை விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய் உறுப்பினராக்குங்கள். உங்களுக்கும் ஒரு புத்தகம் எடுத்துவந்து, அவர்கள் பார்க்க உட்கார்ந்து படியுங்கள்.