பனிக்கட்டிக் கிடங்கும் பூஜை மாடமும்

நாக்ஸ்பேட்டை என்று முன்னாளில் வழங்கிய, பெங்களூரிலுள்ள எங்கள் மர்பி டவுனின் சிறு வீடுகள் பலவற்றில் பூஜைக்கென்று தனி அறை கிடையாது. சமையற்கட்டுச் சுவரிலேயே ஒரு மாடம், அதில் ஒரு படம், அதன் முன் ஓர் அகல். கற்பூரப் புகையும் அடுப்புப் புகையும் ஒரே சுவரில் படிகின்றன. அம்மாடத்தின் முன் கைகூப்பி நிற்கையில், ஓரிடத்துக்குப் பவித்திரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி என்னுள் எழுவதுண்டு. அப்போதெல்லாம் மனம் சென்னைக் கடற்கரையிலுள்ள ஒரு பழைய கிடங்கையே நாடுகிறது.

இன்று விவேகானந்தர் இல்லம் என்றும், ஊர் வழக்கில் ஐஸ் ஹவுஸ் என்றும் அழைக்கப்படும் அந்த வட்ட மாளிகை, விக்டோரியா மகாராணியார் அரியணை ஏறி ஐந்தே ஆண்டுகள் கழிந்திருந்த 1842-ல், பிரெடரிக் டியூடர் என்னும் பாஸ்டன் நகர வணிகர், மாசசூசெட்ஸ் மாநில ஏரிகளில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களை மரத்தூளிட்டுக் கப்பலேற்றிக் கொணர்ந்து, இவ்வெப்ப தேசத்தில் கரையாது சேமித்து விற்பதற்காக எழுப்பியது. 1833-ல் அவர் கல்கத்தாவுக்கு அனுப்பிய முதற்சரக்கில் ஏற்றிய 180 டன்னில் ஏறத்தாழ 100 டன்தான் கரை சேர்ந்ததென்றால், இக்கட்டடத்தின் கனத்த சுவர்களுக்கு விதிக்கப்பட்ட கடமை எத்தகையது என்பது விளங்கும். வெயிலும் காற்றும் உள்ளே புகலாகாது. கட்டியவர் நாடியது அவ்வளவே. தெய்வ சிந்தனைக்கு அதில் இடமேது?

இயந்திர ஐஸ் வந்து அவ்வியாபாரம் ஒழிந்தபின், பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞர் அதை வாங்கி, ஜன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். மேலை நாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் அங்கே தங்கினார். அவ்வாண்டே சென்னைக்கு வந்த அவருடைய சகோதர சந்நியாசி ராமகிருஷ்ணானந்தர் அங்கே மடம் நடத்தத் தொடங்கினார். குளிர்ச்சியைச் சிறைப்படுத்தவென்றே எழுந்த அச்சுவர்களுக்குள், கோடை இரவின் புழுக்கம் தாளாதபோது, தமக்கு விசிறிக்கொள்ளாமல், பூஜையறைக்குச் சென்று குருதேவராகிய ராமகிருஷ்ணரின் படத்துக்கு விசிறிக்கொண்டிருந்தவர் அவர். கணிதமும் சம்ஸ்கிருதமும் கற்ற அப்பெரியவர், படம் காகிதமென்று அறியாதவரல்லர். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தபோதோ, யார் வாங்கினால் என்ன, குருவின் படத்தை வைக்க ஒரு சிற்றறை போதுமே என்னும் மனநிலையில் அமைதியாய் இருந்தார். படத்துக்கு வியர்க்கும் என்று உருகிய உள்ளம், மாளிகை கைமாறுவதைக் கண்டு சலிக்கவில்லை.

அந்தச் சலியாமை வேதாந்தத்துக்கு ஒத்ததே. குடத்தினுள் உள்ள ஆகாசம் குடத்துக்கு உரியதன்று என்பர் வேதாந்திகள். கோயிலைப் புதுக்குங்கால் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்தில் ஏற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்யும் ஆகமமும், தெய்வம் கல்லுக்குக் கட்டுப்பட்டதன்று என்றே ஒப்புகிறது. ஆயின், சுவர் வெறும் சுவர்தான் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கரையற்ற கடலில் பக்தியின் குளிர்ச்சியால் நீர் ஆங்காங்கே பனிக்கட்டியாய் உறைவதுபோல அருவமான பிரம்மம் அடியாருக்காக உருக்கொள்கிறது என்றும், ஞானசூரியன் உதித்தால் அது கரையும் என்றும் உவமை சொன்னவர் ராமகிருஷ்ண பரமஹம்சர். அவருடைய சீடர் பனிக்கட்டிக் கிடங்கிலேயே வந்து குடியேறியதை நினைக்க நினைக்க என் உள்ளம் சிலிர்க்கிறது. கரையும் என்பதனால் உருவம் பொய்யாகாது. உறைந்திருக்கும் வரையில் அது தொட்டு வணங்குதற்குரியது.

1917-ல் அரசாங்கம் வாங்கிய அம்மாளிகையில் சகோதரி சுப்புலட்சுமியின் விடுதி நடந்தது. வாழ்வு தொடங்குமுன்னரே விதவைக்கோலம் பூண்ட சிறுமிகள் அங்கே இருந்து கல்வி கற்றார்கள். எந்த ஆகமமும் விதியாத அந்தப் பிரதிஷ்டையை, முன்னதற்கு ஒரு மாற்றும் குறைந்ததாக நான் கருதவில்லை.

1903-ல் ராமகிருஷ்ணானந்தர் எங்களுக்கு அடுத்துள்ள அல்சூரின் வேதாந்த சங்கத்தார் அழைக்கப் பெங்களூருக்கு வந்தார். அவர் வருகையை அறியாதவர்களும் இத்தெருக்களில் உண்டு. அவர்கள் குடித்தனம் மாறும் நாளில், அரிசிப் பானைக்கும் முன்னதாக, மாடத்துப் படத்தைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துப் புது வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். பின்னர் அவர்கள் விட்டுச்சென்ற வீட்டுக்குக் குடிவருவோர், சுவரில் எண்ணெய்க்கறை படிந்த அந்த இடத்தைக் கண்டதும், யாரையும் கேளாமல், தங்கள் படத்தையும் அங்கேயே வைக்கின்றனர்.