மறைபொருளும் அடைக்கலப் பொருளும்

பொதுநிலத்தைச் சிலர் தமதாக்கிக் கொண்டனர் என்னும் குற்றச்சாட்டு எழுகிறது. அரசு ஒரு விசாரணை ஆணையத்தை அமைக்கிறது. ஆணையம் உசாவி அறிக்கை அளிக்கிறது. அதன்பின் நம் சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் எழும் வாதம் பெரும்பாலும் நிலத்தைப் பற்றியதன்று. அறிக்கையை வெளியிடுவதா, வேண்டாவா என்பதைப் பற்றியதே. நீதிமன்றம் தீர்ப்பளிக்குமுன் வெளியிட்டால் சிலருடைய பெயர் கெடும் என்பர் ஒரு சாரார். வெளியிடாமை களவுக்குத் துணைபோதல் என்பர் மறு சாரார். அணுவிரதம் ஏற்ற சாவகர்க்கு இவ்விரண்டில் எது உடன்பாடாகும்?

கள்ளாமை விரதத்தை எடுத்துக்காட்டி, "வெளியிடுவதே அறம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். அவ்வளவு எளிதன்று. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் பொய்யாமை விரதத்துக்குக் கூறும் ஐந்து அதிசாரங்களுள் கோள் சொல்லுதலும் ஒன்று. பிறர் மறைவாகச் செய்ததை வெளிப்படுத்துதல் மற்றொன்று. உண்மையே ஆயினும் பிறர்க்குப் பெருந்துன்பம் விளைக்குமாயின் அதனைச் சொல்லலாகாது என்பதும் அவர் கருத்து. ஆகவே, "உண்மையைத்தானே சொல்கிறோம்" என்னும் வாதம் சமணர் வாயில் நில்லாது. பெயர் கெடும் என்று அஞ்சுவோர் பக்கமும் விரதம் இருக்கிறது.

ஆயின் அதே ஐந்தில் கடைசியாக நிற்பது அடைக்கலப் பொருளை வௌவுதல். இது களவின்பாற்படாது பொய்யின்பாற்பட்டது ஏன் என்று நம் மாணவியர் கேட்பதுண்டு. ஆசாரியர் பூச்சியபாதர் தத்துவார்த்த சூத்திரத்துக்கு வகுத்த சர்வார்த்தசித்தி உரையில் இதற்கு விடை இருக்கிறது. ஒருவர் பொன்னை மற்றொருவரிடம் அடைக்கலமாக வைக்கிறார். வைத்த அளவை மறந்துபோய்ப் பின்னர் குறைவாகக் கேட்கிறார். காப்பவர், "ஆம், அவ்வளவுதான்" என்று இசைகிறார். அவர் பூட்டை உடைக்கவில்லை, பொய்க்கதை புனையவுமில்லை. பிறருடைய மறதிக்குத் தலையசைத்தார், அவ்வளவே. அதுவே விரதபங்கம்.

பொதுநிலம் அத்தகைய அடைக்கலப் பொருள். அதன் உடையவராகிய மக்கள் எத்தனை ஏக்கர், எந்தப் புல எண் என்று அறியார், அறிந்தோரும் மறந்தனர். எவ்வளவு இருந்தது, எவ்வளவு எஞ்சியது, இடையில் யார் கை வழியே சென்றது என்னும் கணக்கே விசாரணை அறிக்கை. அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிற அரசு, "ஆம், அவ்வளவுதான்" என்று சொன்ன காவலரின் நிலையில் நிற்கிறது என்பது நம் துணிபு.

மறைவை வெளிப்படுத்தும் குற்றம் என்னாவது எனலாம். அதற்கும் பூச்சியபாதர் உரையே வழிகாட்டுகிறது. ஆணும் பெண்ணும் தனிமையில் நிகழ்த்தியதைப் பிறர்க்குச் சொல்வதையே அவர் அங்குக் குறிக்கிறார். இல்லறத்தின் அந்தரங்கம் அது. அலுவலகக் கோப்பு யாருடைய அந்தரங்கம்?

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். மும்பை கொலாபாப் பகுதியில் எழுந்த 31 மாடி ஆதர்ஷ் வீட்டுவசதிச் சங்கக் கட்டடம் பற்றி 2010இல் பெரும் புயல் எழுந்தது. கார்கில் வீரர்களின் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய நிலத்தைப் பிறர் கவர்ந்தனர் என்பதே ஊரறிந்த குற்றச்சாட்டு. மகாராட்டிர அரசு அமைத்த ஆணையம் 2012 ஏப்ரலில் அளித்த இடைக்கால அறிக்கையில், நிலம் மாநில அரசினுடையது என்றும், கார்கில் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டதன்று என்றும் கூறியது. 2013 ஏப்ரலில் அளித்த இறுதி அறிக்கையிலோ, 102 உறுப்பினருள் 25 பேர் தகுதியற்றவர் என்றது. ஆணையத்தின் கூற்று தீர்ப்பன்று. நீதிமன்றங்களில் வழக்குகள் தொடர்ந்தன. 2016 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் கட்டடத்தை இடிக்கச் சொல்ல, ஜூலையில் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது.

நாம் நோக்க வேண்டியது வேறு. அறிக்கை பூட்டிக் கிடந்த மாதங்களில் ஐயத்துக்கு ஆளானோர் 25 பேர் அல்லர், 102 பேர். எஞ்சிய 77 பேரும் அதே திண்ணைப் பேச்சில் அடிபட்டனர். பெயரைக் காப்பதற்காக மறைக்கிறோம் என்பார் இதற்கு என்ன விடை சொல்வர்? ஊர் நம்பிய குற்றச்சாட்டில் ஒரு பகுதியை மறுத்ததும் அதே ஆணையம்தான்.

1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி, அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்புடன் அதனை அவையில் வைத்தல் வேண்டும். ஆதர்ஷ் அறிக்கை அக்டோபரில் வந்திருக்க வேண்டும். டிசம்பர் 20ஆம் நாள்தான் வந்தது. அமைச்சரவை அறிக்கையை நிராகரித்திருந்தது. எனினும் அவையில் வைத்தபின் நிராகரிப்பும் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆளுங்கட்சியின் மேலிடத்திலிருந்தே எதிர்ப்பு எழுந்தது. 2014 ஜனவரி 2ஆம் நாள் அமைச்சரவை அறிக்கையின் ஒரு பகுதியை ஏற்றது. எட்டு மாதம் அசையாதது பதின்மூன்று நாளில் அசைந்தது.

நிற்க. வெளியிடுதல் கோள் ஆகாதிருக்க ஒரு நிபந்தனை உண்டு. திருக்குறளில் வெஃகாமையை அடுத்து வருவது புறங்கூறாமை. பிறர் பொருளை விரும்புதலும் பிறர் பெயரைக் கெடுத்தலும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்கின்றன போலும்! புறங்கூறலில் குற்றமாவது சொல்லின் கடுமையன்று. எதிரில் இல்லாதவரைப் பற்றிச் சொல்லுதலே. மேற்கூறிய சட்டத்தின் 8பி பிரிவு இதனையே வேறு மொழியில் சொல்கிறது: எவருடைய பெயர் கெடக்கூடுமோ அவரை அழைத்து, அவர் தரப்பைக் கேட்டபின்னரே ஆணையம் முடிவு கூறவேண்டும். கேட்டபின் சொல்வது கோளன்று. மக்களவையின் 353ஆம் விதியும் ஒருவர்மீது அவதூறான குற்றச்சாட்டுக் கூறுமுன் உறுப்பினர் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது. அவைக்குள் பேசியதற்கு வழக்கில்லை என்னும் பாதுகாப்பை நம்பி, அறிவிப்பின்றிப் பெயர்களை வீசும் உறுப்பினரை நாம் புகழ்வதற்கில்லை. அவர் எக்கட்சியினர் ஆயினும் சரி.

இதனால்தான் வோரா குழு அறிக்கையை நாம் வேறாகக் காண்கிறோம். குற்றக் கும்பல்களுக்கும் அதிகாரத்தில் உள்ளோர்க்கும் இடையே உள்ள தொடர்பை ஆராய 1993இல் அமைந்த குழு அது. அறிக்கை 1995 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பின்னணி ஆவணங்கள் வைக்கப்படவில்லை. உச்சநீதிமன்றமும் 1997இல் அவற்றை வெளியிடுமாறு கட்டளையிடவில்லை. உளவுத்துறையினர் திரட்டிய செய்திகள், குறிக்கப்பட்டவரை அழைத்துக் கேட்டுப் பெற்றவை அல்ல. அவற்றைத் தெருவில் கொட்டுவது கோளுக்கு மிக அண்மையில் செல்வதாகும்.

நம் ஊர்களுக்கு வருவோம். சினாலயத்துக்கு முன்னோர் எழுதிவைத்த நன்செய் இத்தனை காணி என்று பாட்டிமார் சொல்வர். இன்று குத்தகை வருவது அதில் பாதிக்கும் இல்லை என்பர் தருமகர்த்தாக்கள். "பழைய கதையைக் கிளறினால் நம் குலத்துக்குத்தானே இழுக்கு" என்னும் குரல் உடனே எழும். மும்பையில் எழுந்த குரலும் அதுதான். தொடர்புடையவரை அழைத்துக் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதைப் பங்குனி உத்திரத்துக்கோ மகாவீரர் ஜயந்திக்கோ ஊர் கூடும்போது படிப்பதில் என்ன தடை?

ஒரே ஓர் இடத்தில் நாமும் தயங்குகிறோம். ஆவணத்தில் கையொப்பமிட்டவர் காலமாகியிருப்பின், அவரை அழைத்துக் கேட்க வழியில்லை. பேரப்பிள்ளைகளோ நம் பிள்ளைகளோடு படிக்கின்றனர். அங்கே பெயரை விடலாம். புல எண்ணையும் பரப்பையும் விடலாகாது.