வாசலுக்கு வருபவரும் தனித்திருக்கும் முதியவரும்

பொருள் விற்பவர் காட்டும் அன்பு உண்மையான அன்பாகுமா? இலாபம் கருதி வீடு தேடி வருபவர் பேசும் இன்சொல்லை அறம் என்பதா, தந்திரம் என்பதா? கிராமங்களில் அன்றாடம் காணும் ஒரு காட்சி இந்தக் கேள்வியை எழுப்புகின்றது.

திருகோணமலை வீதியிலிருந்து பதுளை வீதி பிரியும் செங்கலடிச் சந்தி, சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கடைத்தெருவாக விளங்குவது. ஆயினும் சந்திவரை நடக்க இயலாத முதியோருக்கு, சைக்கிளில் வரும் மீன் வியாபாரியும், ஏறாவூரிலிருந்து புடவை மூட்டையுடன் வரும் காக்காவுமே கடைத்தெரு. படலையில் நின்று "பெத்தா" என்றழைத்து, திண்ணையில் அமர்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, முழங்கால் வலியை விசாரித்த பின்னரே மூட்டை அவிழும். 1990 ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் ஊர் விட்டு ஊர் செல்லவே இரு சமூகத்தவரும் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. அதனை அறிந்த முதியோருக்கு, படலையில் மீண்டும் கேட்ட அந்தக் குரலே பெரும் ஆறுதல்.

மட்டக்களப்பு மரபில் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகும். அதனால் வயோதிபப் பெற்றோர் மகளின் வளவிலேயே வாழ்ந்தனர். 2009 வரை நீடித்த யுத்தமும், பிள்ளைகளை மத்திய கிழக்குக்கு அனுப்பிய வறுமையும் பல வளவுகளை வெறுமையாக்கின.

பேச ஆளில்லாத முதியவர் சில வேளை தேவையற்ற சேலையையும் வாங்கிவிடுகின்றார். வாங்காவிட்டால் வியாபாரி இனி வரமாட்டாரோ என்ற பயமே காரணம். அங்கே கொடுக்கப்படுவது அரைமணி நேரத் துணைக்கான விலை. இதை அறிந்துகொண்டே விற்பவர், முதியவரின் தனிமையையே முதலாக்கிக் கொள்கின்றார். பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. பிறர் தனிமையையும் அவ்வாறே பேணல் வேண்டும். "பெத்தா, போன தீபாவளிக்கு எடுத்த சேலையே புதிசா இருக்கு, இது இப்ப வேணாம்" என்று சொல்லக்கூடியவரே உறவினர். ஒன்றும் வாங்காத நாளிலும் படலையில் நின்று சுகம் கேட்பாரா என்பதே உரைகல்.

திருவிளையாடற் புராணத்தின் மண் சுமந்த படலம் இதற்கு விளக்கம் தருகின்றது. வைகை பெருகியபோது கரையடைக்க ஆளனுப்ப வேண்டுமென்பது அரச கட்டளை. பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு அனுப்ப ஒருவருமில்லை. கூலியாள் வேண்டுமோ என்று தெருவிற் கூவி வந்த சொக்கநாதர் அந்த வாசலில் நின்றார். இறைவனும் கூலி பேசியே வந்தார். அதனால் அன்பு குறையவில்லை. அம்மூதாட்டியால் கொடுக்க இயன்ற பிட்டையே கேட்டார். அவர் பங்கிற்காகப் பிரம்படியும் பட்டார். ஆகவே கூலியும் இலாபமும் அன்பைக் கெடுப்பதில்லை. இயலாதவரிடம் அளவுமீறிக் கேட்பதே கெடுக்கின்றது.

எனினும், வாரம் ஒருமுறை வரும் வியாபாரியே ஒரு முதியவரின் ஒரே விருந்தினர் எனின், அந்தக் குறை அயலவருடையது. கோயிலுக்கு வர இயலாதவரின் வீட்டுக்கு அடியார்கள் திருநீறும் பிரசாதமும் கொண்டு சென்று, சற்று நேரம் இருந்து பேசி வருவார்களாயின் அதுவும் வழிபாடே. வந்தியின் வாசலில் நின்ற பெருமான் அந்த வாசல்களிலும் நிற்பான் என்பதில் ஐயமில்லை.