கொல்லாமையும் தடுப்பு மருந்தும்

ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வது அறமாகுமா என்ற கேள்வி, நோய் எதிர்ப்பியல் ஆய்வுக்கூடங்களில் நாள்தோறும் எழுவது. கோத்தகிரிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையத்தில் அக்கேள்வி ஆட்டின் வடிவில் நின்றது. வெறிநாய்க்கடிக்கான மருந்து அங்கு நெடுங்காலம் ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. மூளைக்குள் ரேபிஸ் வைரஸைச் செலுத்தி, ஆடு நோயுற்றபின் மூளையை எடுத்து அரைத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்வார்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று ஊரார் அஞ்சியது இந்த மருந்தைத்தான்.

இதற்கான நியாயம் எளிது: ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் பிழைப்பவர் மிக அரிது, ஓர் ஆட்டின் மூளை பலரைக் காக்கிறது. ஆனால் இக்கணக்கைச் சமண அறம் ஏற்பதில்லை. உழவிலும் சமையலிலும் தற்செயலாக நேரும் உயிர்க்கேட்டை இல்லறத்தார்க்கு அது பொறுத்துக்கொள்ளும். கருதிச் செய்யும் கொலையை எவர்க்கும் பொறுக்காது. ஆய்வுக்கூடக் கொலை கருதிச் செய்வதே. எல்லா உயிரையும் ஒன்றாகக் கண்ட வள்ளலாரின் ஜீவகாருண்ய நெறியிலும் ஆட்டின் வலி மனிதனின் நலனால் கழிபடுவதில்லை. திருக்குறளோ கொல்லாமையைத் துறவறவியலிலும் மருந்தைப் பொருட்பாலிலும் வைத்திருக்கிறது. மருந்து செய்பவருக்கு அவ்விரண்டும் ஒரே மேசையில் வந்துசேர்கின்றன.

இந்த வழக்கில் நோய் எதிர்ப்பியலும் ஒரு சாட்சியம் தந்தது. ஆட்டு மூளையில் நரம்பிழையைப் போர்த்தும் மயலின் புரதமும் இருந்தது. அது உடலுக்குள் போனதும், சிலரது எதிர்ப்பாற்றல் அவர்களின் சொந்த நரம்பையே தாக்கியது. பக்கவாதமும் மரணமும் நேர்ந்தன. இந்தியா 2004 இறுதியில் மூளைத்திசு மருந்தைக் கைவிட்டது.

அதன் இடத்திற்கு வந்தவற்றுள் ஒன்று வீரோ செல் மருந்து. 1962இல் ஜப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்கள் இன்றும் குடுவைகளில் பெருகுகின்றன; ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக ஒரு விலங்கு சாக வேண்டியதில்லை. கடிவாயில் செலுத்தும் எதிர்பொருளும் முன்பு குதிரை ரத்தத்திலிருந்தோ மனித ரத்தத்திலிருந்தோ வந்தது. 2017 முதல் செல்வளர்ப்பில் செய்த ஒற்றைப்படி எதிர்பொருள் இந்தியாவில் கிடைக்கிறது.

ஆனாலும் கொலை நின்றுவிடவில்லை. தடுப்பூசியின் வீரியத்தை அளக்கும் வழக்கமான சோதனையில், மருந்து போட்ட எலிகளின் மூளையில் உயிருள்ள வைரஸைச் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். தடுப்பூசியிலுள்ள வைரஸ் புரதத்தைக் குழாயிலேயே அளக்கும் முறைகள் இதற்கு மாற்றாக வளர்கின்றன. இத்தகைய விலங்காய்வுக்கு மாற்று, குறைப்பு, வலி தணிப்பு என்ற மூன்று நெறிகளை 1959இல் ரசல், பர்ச் என்ற இரு அறிவியலாளர்கள் வகுத்தனர். 1960ஆம் ஆண்டு இந்திய விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஆய்வுக்கு இடம் தந்து, கண்காணிப்புக் குழுவுக்கும் வழிசெய்தது. 2023இல் மருந்து விதிகளில் வந்த திருத்தம் விலங்கில்லாச் சோதனைகளையும் ஏற்றது.

எனவே, வேறு வழியில்லை என்ற நியாயம் அன்றைய அறிவின் எல்லை வரைதான் செல்லும். மாற்றுமுறை கைக்கு வந்தபின் செய்யும் கொலைக்கு அது பொருந்தாது. மாற்று இல்லாத இடத்தில் நேரும் கொலையும் புண்ணியமாகிவிடாது. மாற்றைத் தேடும் கடமையை அது ஆய்வாளர்மேல் சுமத்துகிறது.