ஒரு சொட்டுதானே!

வ. புதுப்பட்டியில் ஜும்ஆ முடிந்ததும் ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜரத், மகன் கஞ்சாவைச் சுருட்டி, அதன்மேல் ஏதோ எண்ணெயும் தடவிப் புகைக்கிறான். கேட்டால், 'மதுதானே ஹராம்? இது செடி. அதிலும் ஒரு சொட்டுதானே அத்தா' என்கிறான்."

அன்புச் சகோதரர்களே! அறிவை மூடுவதெல்லாம் மதுவே என்று மிம்பரில் நின்று அறிவித்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். அதிகமானால் போதை தருவதில் கொஞ்சமும் ஹராம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. அரபியர் ஹஷீஷ் என்ற இதே செடி ஹராமென விளக்கித் தனி நூலே எழுதினார்கள் இமாம் ஸர்கஷீ (வஃபாத்: ஹிஜ்ரி 794).

அந்தச் சொட்டுதான் கொஞ்சமா? செடியின் பிசினைப் பிரித்தெடுத்த சாரமல்லவா! இலையைவிடப் பன்மடங்கு வீரியம். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் அதைச் சரஸ் என்னும் பிசினோடு சேர்க்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை 'சிறிய அளவு'. சரஸில் 100 கிராம்தான். (சிறிய அளவுக்கும் சிறை உண்டு, வாலிபர்கள் ஏமாற வேண்டாம்.)

ஓதுவது இன்னதென்று அறியாத நிலையில் தொழுகையை நெருங்கலாகாது என்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:43). ஐந்து வேளையும் அவனுக்கு அப்படியே கழிந்தால்?

"வீட்டைவிட்டு விரட்டாதீர்கள்" என்றேன். "விரட்டினால் எண்ணெய் விற்றவன்தான் வரவேற்பான். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். போதை தெளிந்திருக்கும் ஸுப்ஹு வேளையில் நீங்களே எழுப்பிக் கூட்டி வாருங்கள்."

"வருவானா, ஹஜரத்?"

"வராவிட்டால் மறுநாளும் எழுப்புங்கள்."