வயசுக்கு மீறிய பிள்ளை

சட்டம் தெரியாது என்று குற்றவாளி சொன்னால் அது மன்னிப்பு ஆகாது என்கிறார்கள். சரி. வாழ்க்கை தெரியாமல் தீர்ப்புச் சொல்கிறவரை மட்டும் எந்தக் கணக்கில் மன்னிப்பது? குழந்தைகளை நிறுத்தி விசாரிக்கும் இடங்களை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது.

2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள்தான். 2012 டிசம்பர் தில்லிக் கொடூரத்துக்குப் பின் எழுந்த ஆவேசம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் அதை மாற்றியது. 16 வயதுக்கு மேல் 18க்குள் இருக்கும் ஒருவர்மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், 15ஆம் பிரிவின்படி இளைஞர் நீதிக் குழுமம் அவரை முதலில் மதிப்பிட வேண்டும். குற்றத்தைச் செய்யும் மனவலுவும் உடல்வலுவும் உண்டா, விளைவு புரியுமா, எந்தச் சூழலில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பார்த்து, பெரியவராக விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அங்கே தண்டனை பெற்றால் 21 வயதுவரை பாதுகாப்பிடம். அதற்கப்புறம் சிறைக்கும் போக நேரலாம்.

இங்கேதான் நம் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். சேரியில் பன்னிரண்டு வயசில் செங்கல் சுமந்து, தங்கச்சிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற பயலை நாம் என்ன சொல்கிறோம்? "வயசுக்கு மீறின பொறுப்புய்யா இவனுக்கு." நாம் பெருமையாகச் சொல்கிற அதே வார்த்தை குழுமத்தின் மேசைக்குப் போனால் சாட்சியமாகிவிடும். காப்புக் காய்ச்ச கையைப் பார்த்து உடல்வலு உண்டு என்று எழுதலாம். குடும்பத்தையே தாங்கியவன், விளைவு தெரியாதா என்று கேட்கலாம். ஊர்த்தெருவில் பதினேழு வயசிலும் அம்மா சோறு கட்டிக் கொடுக்கிற பையன் குழந்தையாகவே இருப்பான். இவனுக்குக் குழந்தையாக இருக்க வாய்ப்பே கொடுக்காத சமூகம், அதையே காட்டி இவன் குழந்தை இல்லை என்கிறது. உழைப்பு இவனுக்கு உடம்பைக் கொடுத்தது. நின்று யோசிக்க ஓய்வைக் கொடுத்ததா?

இவன் மௌனத்தையும் அப்படித்தான் படிப்பார்கள். "என்ன கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறான், கல்லுளிமங்கன்." நாற்காலியில் இருப்பவர் முன் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம் அது. அதைத் திமிர் என்று வாசிப்பவருக்கு அந்தப் பாடம் தெரியாது.

"அப்படின்னா பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன நியாயம்?" என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். பாதிக்கப்படுவதிலும் நம் பெண் பிள்ளைகள் உண்டே. 1972இல் மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமியின் வழக்கில், உடம்பில் காயமில்லை என்பதை ஒரு காரணமாக்கிக் காவலர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அங்கே அச்சத்தை இசைவு என்று படித்தார்கள். இங்கே உழைப்பை முதிர்ச்சி என்று படிக்கிறார்கள். வழக்கு வேறு, செவிட்டுத்தனம் ஒன்றுதான்.

பயிற்சி வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. குழுமத்தில் ஒரு நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண். பதவியேற்ற 60 நாளுக்குள் எல்லோருக்கும் பயிற்சி தரவேண்டும். குர்கானில் 2017இல் பள்ளியில் நடந்த கொலை வழக்கில் 2022 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த மதிப்பீடு நுணுக்கமான வேலை என்றது. குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெறவேண்டும் என்றது. நல்லது. ஆனால் அந்த நிபுணரும் ஏதோ ஒரு தெருவில்தானே வளர்ந்தார்? புத்தியை அளக்கும் சோதனைத்தாளில் சேரி எங்கே இருக்கிறது?

நீதிபதிக்குச் சாதியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள். தெரியாதவர் நடுவில் நிற்கிறார் என்று யார் சொன்னது? தெரியாத இடத்தைத் தன் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார். அதுதான் பெரிய சாய்வு. எதிரே நிற்பவனின் வாழ்வை அறிந்துகொள்வது கருணை அல்ல, கடமை. அறியாமல் அளப்பது அநீதி.

ஆகவே பயிற்சி வகுப்பில் சட்டப்பிரிவு மட்டும் பேசினால் போதாது. குழுமத்தின் முன் நின்று வளர்ந்தவர்கள் விருப்பத்தோடு வந்து பேசட்டும். நடுவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். இன்னொன்று நம் கையில் இருக்கிறது. குழந்தைகளின் கல்வி, சுகாதாரம், நலம் இவற்றில் ஏழு ஆண்டு ஈடுபட்டு உழைத்தவர் குழும உறுப்பினராகலாம் என்கிறது சட்டம். சேரியில் இரவுப் பள்ளி நடத்துகிற தோழர்களே, அந்த இரண்டு நாற்காலிகளுக்கு நீங்கள் ஏன் விண்ணப்பிக்கக் கூடாது? அந்தப் பையன் வாய் திறக்காமல் நிற்கும்போது, ஏன் நிற்கிறான் என்று தெரிந்த ஒருவராவது மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.